உடனிருந்தவர் பெயர்

மணியை அடித்துவிட்டு இரண்டடி தள்ளி நிற்க வேண்டும். கதவுக்கு நேராக நிற்கக் கூடாது. முன்பின் தெரியாத ஆள் வாசலை அடைத்துக்கொண்டு நின்றால் திறப்பவருக்குத் திக்கென்றுதான் இருக்கும். நம் பெயர், எந்த வங்கிக் கிளையிலிருந்து வருகிறோம், கடனுக்கு எழுதிக் கொடுத்தவர் பெயர், இந்த மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட வேண்டும். அவர் உள்ளே திரும்பிக் குரல் கொடுப்பார்: "பேங்க்லேர்ந்து இன்ஜினியர் வந்திருக்காரு." அடையாள அட்டையில் மதிப்பீட்டாளர் என்று அச்சடித்திருக்கும். தமிழ்நாட்டு வீடுகளில் அந்தச் சொல் புழங்குவதே இல்லை. கடனுக்காக வீடு பார்க்க வருகிற எல்லோருக்கும் பேங்க் இன்ஜினியர் என்பதுதான் பெயர்.

அடுத்த நாற்பது நிமிடம் விசித்திரமானது. சொந்தக்காரர்கள்கூடப் போகாத இடங்களுக்கு ஓர் அந்நியர் போகிறார். குளியலறைக் கதவைத் திறந்து சுவரைத் தொட்டுப் பார்க்கிறார். படுக்கையறை அலமாரிக்குப் பின்னால் டார்ச் அடிக்கிறார். மாடிப்படிக்குக் கீழே அடைத்து வைத்திருக்கும் சாமான்களை விலக்கச் சொல்கிறார். வேலை முடிந்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விடுகிறார். இருவரும் மறுபடி சந்திக்கப்போவதில்லை. அந்த நாற்பது நிமிடத்தில் வீட்டில் இருப்பவர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்காமல் எழுதிய அறிக்கை, எவ்வளவு துல்லியமாக அளந்திருந்தாலும், அரைகுறையானதுதான் என்பது என் உறுதியான எண்ணம். இது மனிதாபிமானம் பற்றிய பேச்சு மட்டும் கிடையாது. வீட்டுக்கு மதிப்பாக எழுதும் எண்ணே தப்பாகிவிடும்.

கையில் கொண்டுபோகும் காகிதங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். கிரயப்பத்திரம், அதற்கு முந்தைய உரிமையைக் காட்டும் தாய்ப்பத்திரம், பட்டா, சர்வே எண்ணின் எல்லைகளைக் காட்டும் புல வரைபடம், அப்ரூவ்டு பிளான், சொத்தின் மேல் பதிவானவற்றைப் பட்டியலிடும் வில்லங்கச் சான்றிதழ், கடைசியாகக் கட்டிய சொத்துவரி ரசீது, மின் கட்டண ரசீது. கருவிகள் ஐந்தாறுதான்: லேசர் மீட்டர், 30 மீட்டர் டேப், திசைகாட்டி, டார்ச், ஒரு ஸ்க்ரூடிரைவர், குறிப்பேடு. போனில் அட்சரேகை தீர்க்கரேகையோடு படம் எடுக்கும் செயலி. லேசர் மீட்டர் அறைக்குள்தான் சரிவரும். வெயிலில் அதன் சிவப்புப் புள்ளி கண்ணுக்குத் தெரியாது, கண்ணாடியில் பட்டால் தப்பான அளவு காட்டும். மனையின் நீள அகலத்துக்கு டேப்தான் கதி. டேப்புக்கு இன்னொரு கை வேண்டும்.

அந்த இன்னொரு கை வீட்டுக்காரருடையது. பூஜ்ஜிய முனையை அவர் காம்பவுண்டு மூலையில் பிடிக்க, நாம் மறுமுனைக்கு நடக்கிறோம். பிடிக்கிற விதத்திலேயே ஆளைத் தெரிந்துகொள்ளலாம். கொத்தனார் வேலை பார்த்தவர் வளையத்தைச் சுவரோடு அழுத்தி, இடுப்பு உயரத்தில் விறைப்பாகப் பிடிப்பார். நாம் கேட்காமலே "சரி, சொல்லுங்க" என்பார். பள்ளிக்கூடம் போகும் பையன்கள் வாங்கி இழுத்துக்கொண்டு ஓடுவார்கள். பெரும்பாலானவர்கள் தளர்த்திப் பிடிப்பார்கள், அல்லது வளையத்தின் உலோக நுனியில் தொடங்காமல் ஓரங்குலம் உள்ளே தள்ளிப் பிடிப்பார்கள். 60 அடி நீளத்தில் டேப் தொங்கினால் அளவு கூடுதலாகத்தான் வரும். அதனால் ஒவ்வொரு பக்கத்தையும் இரண்டு தடவை எடுக்க வேண்டும். இரண்டாம் தடவை அவர்களிடம் எண்ணைக் காட்டிப் படிக்கச் சொல்வது நல்லது. தம் வீட்டின் அளவைத் தாமே படித்தவருக்கு அறிக்கை மேல் பிறகு சந்தேகம் வராது.

ஏனென்றால் எண் குறையும். பத்திரத்தில் 30க்கு 60, அதாவது 1800 சதுர அடி என்று இருக்கும். இடத்தில் அளந்தால் 29½க்கு 59, பெருக்கினால் 1740½. பக்கத்து மனைக்காரர் சுவரைக் கொஞ்சம் தள்ளிக் கட்டியிருப்பார், அல்லது மனை பிரித்த காலத்திலேயே கயிறு பிடித்தவர் தளர்த்திப் பிடித்திருப்பார். பட்டாவில் 1.67 ஏர்ஸ் என்று இருக்கும். ஓர் ஏர்ஸ் 100 சதுர மீட்டர், ஒரு சதுர மீட்டர் 10.764 சதுர அடி, ஆக 1797½ சதுர அடி சொச்சம். பத்திரம், பட்டா, இடத்து அளவு மூன்றில் எது குறைவோ அதைத்தான் வங்கிக்கு எழுத வேண்டும். சதுர அடி 5,000 ரூபாய் போகும் ஊரில் இந்த 59½ சதுர அடி கிட்டத்தட்ட மூன்று லட்ச ரூபாய். டேப்பின் அந்த முனையைப் பிடித்துக்கொண்டு நிற்பவர் முகத்தில் அது அப்படியே தெரியும். "இருபது வருஷமா இங்கதான் சார் இருக்கோம், யாரும் சொல்லலையே" என்பார். அப்போது அவசரமாக அடுத்த வேலைக்குப் போகக் கூடாது. புல வரைபடத்தை விரித்து எந்தப் பக்கம் குறைகிறது என்று காட்டி, பணம் கட்டி அரசு சர்வேயரை அழைத்து எல்லை காட்டச் சொல்லலாம் என்று சொல்லிவிட்டு வர ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடம் அவருக்குக் கொடுக்க வேண்டியது.

நான்கெல்லையில்தான் புதிதாக வருகிறவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். நம் பத்திரங்களில் "முருகேசன் மனைக்கு வடக்கு, தெருவுக்குத் தெற்கு" என்று எழுதும் வழக்கம். பொருள் என்ன? நம் மனை முருகேசன் மனைக்கு வடக்கே இருக்கிறது. அப்படியானால் முருகேசன் நமக்குத் தெற்கு. வங்கிப் படிவமோ "வடக்கில் என்ன, தெற்கில் என்ன" என்று கேட்கும். பத்திரத்தில் 'வடக்கு' என்ற சொல்லைப் பார்த்ததும் முருகேசனை வடக்குக் கட்டத்தில் போட்டால் வீடே தலைகீழாகிவிடும். வழக்கறிஞரின் கருத்துரையில் சரியாகவும் மதிப்பீட்டு அறிக்கையில் தலைகீழாகவும் இருந்தால் கடன் அப்படியே நிற்கும்.

அதோடு, பத்திரத்தில் இருக்கும் முருகேசன் இப்போது அங்கே இருக்க மாட்டார். 1974ஆம் ஆண்டுப் பத்திரத்தின் எல்லைக்காரர் இறந்து, அவர் மகன் விற்று, வாங்கியவர் பிரித்து விற்று, இப்போது அங்கே மூன்று மாடி இருக்கும். தெருவில் யாரைக் கேட்பது? பெட்டிக்கடைக்காரர், இஸ்திரிக்காரர், எதிர்வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர். இந்தப் பெரியவர் மாதிரி ஓர் ஆவணம் எந்தப் பதிவாளர் அலுவலகத்திலும் கிடையாது. "முருகேசனா? டெய்லர் முருகேசன். அவுங்க வீடு அந்தப் பச்சைக் கேட்டு வரைக்கும் இருந்துச்சு. கெணறு இப்ப கார் நிக்குது பாருங்க, அங்க." பச்சைக் கேட்டையும் கிணற்றையும் குறித்துக்கொண்டு புல வரைபடத்தோடு ஒட்டிப் பார்த்தால் பெரும்பாலும் பொருந்தும். அவரிடம் பேசும்போது நின்றுகொண்டே பேசாமல் திண்ணையில் உட்கார்ந்து கேட்க வேண்டும். எதற்காகக் கேட்கிறோம் என்பதை மட்டும் விரிக்கக் கூடாது. பக்கத்து வீட்டுக்காரர் கடன் வாங்குகிறார் என்ற சேதி நம் வாயிலிருந்து தெருவுக்குப் போகக் கூடாது. "வீட்டு அளவு பார்க்கறோம்யா" என்றால் போதும்.

காலி மனை என்றால் இந்தக் கேள்வி இன்னும் முக்கியம். கதவு எண் இல்லை, மீட்டர் இல்லை. ஒரே மாதிரி கல் நட்ட ஐம்பது மனைகளில் எதையும் காட்டி 'இதுதான்' என்று சொல்லிவிடலாம். தெரியாமல் தப்பான மனையைக் காட்டுகிறவர்களும் உண்டு. தெரு முனையிலிருந்து மனை எண்களை எண்ணிக்கொண்டு நடக்க வேண்டும், ஒரு பக்கமிருந்து மட்டும் போதாது, மறுபக்கத்திலிருந்தும். அங்கீகாரமில்லாத மனைப்பிரிவு என்றால் 2016 அக்டோபர் 20க்கு முன் விற்ற மனையா, 2017ஆம் ஆண்டு வரன்முறைத் திட்டத்தில் முறைப்படுத்தியிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். மாதத் தவணை கட்டி மனை வாங்கியவர்கள் பலருக்கு இப்படியொன்று இருப்பதே நம்மைப் பார்க்கும் அன்றுதான் தெரியவருகிறது.

கட்டடத்துக்கு வருவோம். வயதைக் கண்டுபிடிப்பது பாதி வேலை. 1000 சதுர அடி வீட்டை இன்று கட்டச் சதுர அடிக்கு 2,200 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 22 லட்சம். செங்கல் சுவர் தாங்கும் வீட்டுக்கு ஆயுள் 60 ஆண்டு, கடைசியில் மிஞ்சும் மதிப்பு பத்து சதவீதம் என்று கொண்டால், தேய்மானம் வயதை ஆயுளால் வகுத்து 90ஆல் பெருக்கினால் வரும். 24 வயது வீட்டுக்கு 36 சதவீதம், அதாவது 7.92 லட்சம் கழித்து 14.08 லட்சம். வயதை 24 என்பதற்குப் பதில் 34 என்று எழுதினால் கட்டடத்தில் மட்டும் 3.3 லட்சம் போய்விடும். பிளான் இருந்தால் தேதி தெரியும். பழைய வீடுகள் பலவற்றுக்குப் பிளான் இருக்காது. சொத்துவரி முதலில் விதித்த ஆண்டு, மின் இணைப்பு கொடுத்த தேதி, தரை, இவற்றைக் கொண்டு ஓரளவு சொல்லலாம். காவி பூசிய சிவப்புத் தரை என்றால் ஒரு காலம், மொசைக் என்றால் எழுபது எண்பதுகள், விட்ரிஃபைடு டைல்ஸ் என்றால் 2000க்குப் பிறகு. ஆனால் தரையை மாற்றியிருப்பார்கள்.

ஆகவே கேட்க வேண்டும். "வீடு எந்த வருஷம் கட்டினது?" என்று கேட்டால் தடுமாறுவார்கள். யாரும் வருடத்தை அப்படி வைத்துக்கொள்வதில்லை. "கட்டும்போது என்ன நடந்துச்சு, ஞாபகம் இருக்கா?" என்று கேட்டால் கதவு திறந்த மாதிரி வரும். "எம்ஜிஆர் எறந்தப்ப செண்ட்ரிங் போட்டிருந்தோம், சிமெண்ட் லாரி வரல." அது 1987 டிசம்பர். "மாடி, சுனாமிக்கு அடுத்த வருஷம்." 2005. "பெரியவ கல்யாணத்துக்கு வெள்ளையடிச்சோம், பின்கட்டு அப்பத்தான் எடுத்தது." பெரியவளின் கல்யாணப் பத்திரிகையோ ஆல்பமோ அலமாரியில் இருக்கும். எடுத்து வந்து காட்டுவார்கள். படத்தில் மணமக்களுக்குப் பின்னால் பூசாத சுவர் தெரியும். இதைவிட நல்ல சான்று வேண்டுமா? தரைத்தளம் 1987, பின்கட்டு 1996, மாடி 2005 என்று மூன்று பகுதிக்கும் தனித்தனியாகத் தேய்மானம் போடலாம். மொத்த வீட்டுக்கும் ஒரே வயது போட்டு முடிப்பது சோம்பேறித்தனம்.

வீட்டை விற்கப்போகிறவர்கள் வேறொரு காரணத்துக்காக மதிப்பீட்டாளரைத் தேடி வருவார்கள். 2001 ஏப்ரல் 1க்கு முன் வாங்கிய சொத்தை விற்றால் மூலதன ஆதாய வரிக்கு அந்தத் தேதியில் இருந்த சந்தை மதிப்பை அடக்க விலையாகக் கொள்ளலாம். ஆனால் பத்திரப்பதிவுக்காக அரசு வைத்திருந்த அன்றைய வழிகாட்டி மதிப்பு தெரிந்தால் அதைத் தாண்டக் கூடாது. இந்த வேலைக்குப் போனால், இருபத்தைந்து ஆண்டுக்கு முன்பிருந்த வீட்டை இன்றைய வீட்டுக்குள் தேட வேண்டியிருக்கும். இடித்துக் கட்டிய சமையலறை அப்போது என்னவாக இருந்தது, மாட்டுக்கொட்டகை எதுவரை இருந்தது, ஓடு எப்போது தளமானது. வயதானவர்களுக்கு இந்தக் கேள்விகள் பிடிக்கும். கையைப் பிடித்து அழைத்துப் போய் வெறும் சிமெண்டுத் தரையைக் காட்டி "இங்க துளசி மாடம், இங்க அம்மி" என்பார்கள். அம்மிக்கு மதிப்பு கிடையாது. ஆனால் அம்மி கிடந்த இடம் தெரிந்தால் பின்சுவர் எங்கே இருந்தது என்று தெரியும், பின்சுவர் தெரிந்தால் 2001இல் கட்டடப் பரப்பு எவ்வளவு என்று தெரியும். அதனால் அம்மியையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

சென்னையில் இன்னொரு கேள்வியை விடவே கூடாது. "2015ல தண்ணி வந்துச்சா?" யாரும் அடிக்கணக்கில் பதில் சொல்வதில்லை. சுவரோரம் போய் நின்று கையை வைத்துக் காட்டுவார்கள். முட்டி, இடுப்பு, மார்பு. உள்ளங்கை சுவரில் படிந்திருக்கும்போது டேப்பை வைத்து அளந்துகொள்ள வேண்டும்: தரையிலிருந்து 3 அடி 4 அங்குலம். வேளச்சேரியிலும் முடிச்சூரிலும் அந்தக் கை வைக்கும் வேகத்திலேயே தெரியும், அந்த இடத்தை அவர்கள் எத்தனை தடவை யாருக்கெல்லாம் காட்டியிருப்பார்கள் என்று. இல்லை என்று சொன்னாலும் வீடு சொல்லிவிடும். ஸ்விட்ச் போர்டுகள் வழக்கத்தைவிட மேலே ஏறியிருக்கும், மின் மீட்டர் பெட்டி தலைக்கு மேலே போயிருக்கும், சுவரின் கீழ்ப்பாதியில் மட்டும் புதிய பெயிண்ட் இருக்கும். அதற்கும் மேலே உப்புப் பூத்திருந்தால் ஓதம் இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மறுபடி வந்ததா என்பதையும் கேட்டுவிட வேண்டும். விற்கும் எண்ணத்தில் இருப்பவர் மறைப்பார், அவரைக் குற்றம் சொல்ல முடியாது. வாடகைக்கு இருப்பவரோ எதையும் மறைப்பதில்லை.

வாடகைக்காரரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கடன் வாங்குபவர் வேறெங்கோ இருப்பார். கதவைத் திறப்பவர் குடியிருப்பவர். "எவ்வளவு வாடகை தர்றீங்க?" என்று கேட்டால் சிலர், "வாடகை இல்ல சார், லீசுக்கு இருக்கோம்" என்பார்கள். லீஸ், ஒத்தி, போக்கியம், ஊருக்கு ஒரு பெயர். மொத்தமாக எட்டு லட்சமோ பத்து லட்சமோ கொடுத்துவிட்டு வாடகையில்லாமல் இருப்பது. காலி செய்யும்போது அந்தப் பணம் அப்படியே திரும்ப வேண்டும். பெரும்பாலும் வெறும் முத்திரைத்தாளில் எழுதிக்கொண்டதாக இருக்கும், பதிவு செய்திருக்க மாட்டார்கள். பதிவு செய்யாததால் வில்லங்கச் சான்றிதழில் வராது. வழக்கறிஞர் முப்பது வருட வில்லங்கம் பார்த்தாலும் தெரியாது. அந்த எட்டு லட்சத்தைப் பற்றி இந்த உலகத்தில் வங்கிக்குச் சொல்லக்கூடிய ஒரே ஆள் கதவைத் திறந்த அந்தப் பெண்மணிதான், அதுவும் யாராவது கேட்டால்தான்.

அவருக்கு அதன் விளைவு தெரியாது. வீடு அடமானம் போவதும் தெரியாது. வீட்டுக்காரர் கடனைக் கட்டாமல் விட்டால் அவருடைய எட்டு லட்சம் பெரிய ஆபத்தில் இருக்கிறது என்பது நமக்குத் தெரியும். என்ன செய்வது? கடன் விவரத்தை அவரிடம் சொல்ல நமக்கு உரிமையில்லை. அறிக்கையில் "குடியிருப்பவர் போக்கியத்தில் இருப்பதாகக் கூறினார், தொகை இவ்வளவு" என்று எழுத உரிமை உண்டு, கடமையும்கூட. அதை எழுதினால் வங்கி வீட்டுக்காரரைக் கேட்கும், போக்கியத்தைத் தீர்த்த பிறகே கடன் என்று சொல்லும். அந்த ஒரு வரியை எழுதாமல் விடுகிற மதிப்பீட்டாளர், தனக்குத் தண்ணீர் கொடுத்த ஒரு குடும்பத்தின் சேமிப்பை விட்டுக்கொடுக்கிறார். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

தண்ணீர் என்றதும் ஒன்று. தண்ணீர் கொடுத்தால் வாங்கிக் குடிக்க வேண்டும். நம் வீடுகளில் தண்ணீரை மறுத்தால் மனம் கோணும். காபி, டிபன் என்று போனால் "நேரமாச்சும்மா, தண்ணி போதும்" என்று நிறுத்திக்கொள்ளலாம். கிளம்பும்போது சிலர் கவரை நீட்டுவார்கள். கட்டணம் வங்கி வழியாக வந்துவிட்டது என்று சொல்லி இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். பலர் லஞ்சமாக நினைத்துக் கொடுப்பதில்லை, ஆட்டோ செலவுக்கு என்று நினைத்துத்தான் கொடுக்கிறார்கள். அதனால் கடுகடுப்புக் காட்டத் தேவையில்லை.

பூட்டிய அறை என்று ஒன்று பல வீடுகளில் உண்டு. "அது தொறக்கறதில்ல சார், சும்மா சாமான்." திறந்துதான் ஆக வேண்டும், காரணம் இருக்கிறது. புழங்காத அறையின் மேல்தளம்தான் உண்மை பேசும். புழங்கும் அறையில் ஒழுகினால் பூசி வெள்ளையடித்துவிடுவார்கள். பூட்டிய அறையில் காரை பெயர்ந்து கம்பி துருப்பிடித்து வெளியே தெரியும். மயிலாப்பூர், திருவல்லிக்கேணிப் பக்கத்து மெட்ராஸ் டெரஸ் வீடுகளில் இன்னும் கவனம் வேண்டும். தேக்கு உத்தரங்களின் மேல் சிறு செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்புக் காரை போட்ட தளம் அது. நடுவில் உத்தரம் திடமாக இருக்கும். சுவருக்குள் புதைந்த முனைதான் ஓதத்தில் இற்றுப்போகும். அங்கே ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் தட்டினால் டங்கென்று கேட்க வேண்டும், பொத்தென்று கேட்டால் உள்ளே செல்லரித்திருக்கிறது.

ஆனால் அந்த அறை ஏன் பூட்டியிருக்கிறது என்பது சில வீடுகளில் வேறு விஷயம். கதவு திறந்ததும் கட்டில் அப்படியே விரித்தபடி, மேசையில் மூக்குக் கண்ணாடி, சுவரில் மாலை போட்ட படம். சாவி கொண்டுவந்தவர் வாசலோடு நின்றுவிடுவார். அப்போது மேலே பார்க்க வேண்டியதை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிட வேண்டும். அறையின் நீள அகலத்தை வெளியிலிருந்தே கணக்கிடலாம். படம் எடுக்க வேண்டாம். வங்கி கேட்கும் படங்கள்: வீட்டு முகப்பு, இரு பக்கத்துச் சாலை, கூடம், சமையலறை, மின் மீட்டர், கதவு எண், உடனிருந்தவரோடு ஒன்று. பூட்டிய அறையைக் கேட்பதில்லை. மேல்தளத்தில் பழுது இருந்தால் அந்த மூலையை மட்டும் அருகில் போய் எடுத்தால் போதும்.

பெரும்பாலும் தனியாக இருக்கும் அம்மாக்கள்தான் இப்படிச் சாவியோடு வருவார்கள். மகனுக்குக் கடைக்கு லோன், வீடு அம்மா பேரில். "எதுக்குத் தம்பி அளக்கறீங்க?" என்று கேட்டால், அவருக்குத் தெரியாது என்று அர்த்தம். இந்த இடத்தில் தொழிலில் இருப்பவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. அளப்பதோடு நம் வேலை முடிந்தது, கையெழுத்து வாங்குவது வங்கியின் பாடு என்பார்கள் சிலர். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். உரிமையாளரை நேரில் பார்த்தோமா, அடமானம் பற்றி அவருக்குத் தெரியுமா என்பதை அறிக்கையில் எழுதலாம், கிளை மேலாளரிடம் போனில் சொல்லலாம். வீட்டை ஏற்கெனவே மகனுக்குத் தானசெட்டில்மெண்டாக எழுதிக் கொடுத்திருந்தால் பத்திரத்தை முழுக்கப் படிக்க வேண்டும். "என் ஆயுள்வரை நானே அனுபவித்துக்கொள்ளவும்" என்று ஒரு வரி இருந்தால் அந்த அம்மாவுக்கு வீட்டில் ஆயுள் உரிமை இருக்கிறது. பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்து, பிள்ளைகள் பார்த்துக்கொள்ளாமல் விட்டால், 2007ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23ஆம் பிரிவின்படி அந்தப் பத்திரத்தையே ரத்து செய்யக் கேட்கலாம். வங்கிக்கும் இது தெரிந்தாக வேண்டிய செய்திதான்.

பாகப்பிரிவினைக்குப் போனால் ஒருவர் இருக்க மாட்டார், ஐந்து பேர் இருப்பார்கள். அண்ணன், தம்பி, அக்கா, ஒரு மருமகன், எல்லோர் பேச்சையும் கேட்டுக்கொண்டு தள்ளி நிற்கும் தங்கை. இங்கே அளவை உரக்கச் சொல்லி அளக்க வேண்டும். "கெழக்கு மேற்கு இருபத்தி ரெண்டே கால்" என்று எல்லோர் காதிலும் விழ வேண்டும். ஒருவரைத் தனியாக ஓரமாக அழைத்துப் பேசினால் மற்ற நால்வருக்கும் அறிக்கை பாழ். சதுர அடியைச் சமமாகப் பிரித்தால் பங்கு சமமாகிவிடும் என்று நினைப்பார்கள். ஆகாது. தெருப் பக்கப் பாதியும் பின்பக்கப் பாதியும் ஒரே விலை போகாது. பின்பக்கத்துக்கு நான்கடிப் பாதை விட்டால் அந்த நிலம் யார் கணக்கு? கிணறு, செப்டிக் டேங்க், மாடிப்படி, மோட்டார் எங்கே விழுகின்றன? இவற்றைப் படத்தில் குறித்துக் காட்டினால் பாதிச் சண்டை அங்கேயே அடங்கும். தள்ளி நிற்கும் தங்கையிடமும் "நீங்களும் பாத்துக்கோங்கம்மா" என்று அளவுத்தாளைக் காட்ட வேண்டும். தந்தை சுயமாகச் சம்பாதித்து உயில் எழுதாமல் இறந்திருந்தால், 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்திலேயே மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு. பூர்விகச் சொத்தில் தமிழ்நாடு 1989இலேயே, அப்போது மணமாகாதிருந்த பெண்களுக்குச் சம உரிமை கொடுத்துவிட்டது. மணமான பெண்களையும் சேர்த்துத் திருத்தம் வந்தது 2005இல். பங்கு பற்றித் தீர்ப்புச் சொல்வது நம் வேலை இல்லை, தாளைக் காட்டுவது நம் வேலை.

இவற்றிலெல்லாம் கடினமானது வாராக்கடன் வீடு. நீதிமன்றம் போகாமலே வங்கி அடமானச் சொத்தை எடுத்து விற்க வழிசெய்யும் சர்ஃபேசி சட்டத்தின் 13(2) பிரிவில் 60 நாள் அறிவிப்பு முடிந்து, 13(4)இல் வங்கி கையகப்படுத்தும் நிலைக்கு வந்த பிறகு, ஏலத்துக்கான அடிப்படை விலை வைக்க மதிப்பீட்டாளர் போக வேண்டும். வீட்டில் இன்னும் ஆட்கள் இருப்பார்கள். பிள்ளைகள் ஸ்கூல் விட்டு வந்திருப்பார்கள். சிலர் கதவைத் திறக்க மாட்டார்கள். அப்போது வெளியிலிருந்து பார்த்து எழுதி, உள்ளே அனுமதிக்கவில்லை என்று குறிக்க வேண்டும், தள்ளிக்கொண்டு போகக் கூடாது. சிலர் திறந்துவிட்டு ஒன்றுமே பேசாமல் சோபாவில் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களிடம் சொல்ல வேண்டிய உண்மை ஒன்று உண்டு. ஏலத்தில் கடன் பாக்கிக்கும் செலவுக்கும் மேல் வரும் பணம் கடன்காரருக்கே திரும்ப வேண்டும் என்பது சட்டம். அதனால் மதிப்பைக் குறைத்து எழுதினால் வங்கிக்குப் பெரிய நஷ்டமில்லை, இந்தக் குடும்பத்துக்குத்தான் நஷ்டம். உள்ளே பார்த்தால் மரவேலையையும் கிரானைட்டையும் போர்வெல்லையும் கணக்கில் சேர்க்கலாம், வெளியிலிருந்து எழுதினால் முடியாது. இதை நிதானமாகச் சொன்னால் பலர் எழுந்து வந்து தாமே அறைகளைக் காட்டுகிறார்கள். அந்த நடவடிக்கையில் தப்பு இருப்பதாக அவர்கள் சொன்னால், 45 நாளுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம் என்பதையும், ஒரு வழக்கறிஞரை உடனே பார்க்க வேண்டும் என்பதையும் சொல்லலாம். சென்னையிலும் கோவையிலும் மதுரையிலும் தீர்ப்பாயம் இருக்கிறது. 45 நாள் ஓடிக்கொண்டிருப்பது தெரியாமலே பலர் உட்கார்ந்திருக்கிறார்கள்.

எந்த வீடானாலும் வாசலில் வரும் கேள்வி ஒன்றுதான்: "எவ்ளோ சார் போகும்?" அங்கே எண் சொல்லக் கூடாது. அக்கம்பக்கத்தில் பதிவான விலைகளை இன்னும் ஒப்பிட்டிருக்க மாட்டோம், பிளானில் இல்லாத மாடியறையைக் கழித்திருக்க மாட்டோம். அந்த மாடியறையைத்தான் அவர் ஆசையாகக் காட்டியிருப்பார், "பையன் படிக்கறதுக்காகப் போட்டோம்" என்று. வாசலில் 70 என்று சொல்லி அறிக்கையில் 62 வந்தால் எட்டு லட்சத்தை நாம் எடுத்துக்கொண்டது போல அவருக்கு இருக்கும். அறிக்கையில் ஓர் எண் இருக்காது, மூன்று எண்கள் இருக்கும்: சந்தை மதிப்பு, விற்றால் கைக்கு வரக்கூடிய மதிப்பு, அவசர விற்பனை மதிப்பு. கடன் அதிலும் ஒரு பங்குதான். ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சம் வரையான வீட்டுக் கடனுக்கு 90 சதவீதம் வரை, 75 லட்சம் வரை 80, அதற்கு மேல் 75. "ரெண்டு மூணு நாள்ல பேங்க்குக்குப் போயிடும், அங்க கேட்டுக்கோங்க" என்று சொல்லி, இந்தக் கணக்கை மட்டும் விளக்கிவிட்டு வரலாம்.

அறிக்கையின் முதல் பக்கத்தில் ஒரு கட்டம் இருக்கிறது: பார்வையிட்டபோது உடனிருந்தவர் பெயர், உரிமையாளருக்கு உறவு, தொலைபேசி எண். பலர் அதில் 'உரிமையாளர்' என்று போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். டேப்பைப் பிடித்தவர் பெயரை எழுத வேண்டும். தாயார் என்றால் தாயார், குடியிருப்பவர் என்றால் குடியிருப்பவர். தொழில் கடன்களுக்குப் பல வங்கிகள் மூன்றாண்டுக்கு ஒருமுறை மறுமதிப்பீடு கேட்கின்றன. பழைய அறிக்கையை எடுத்துக்கொண்டு அதே வாசலில் போய் நின்று மணியடித்து, "அம்மா இருக்காங்களா?" என்று பெயர் சொல்லிக் கேட்க அந்தக் கட்டம்தான் உதவும். அந்தக் கட்டத்தில் இந்தத் தடவை வேறு பெயர் எழுத வேண்டியிருக்கலாம். உள்ளே இன்னோர் அறை பூட்டியிருக்கலாம்.